ரசீது வரும்வரை

ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி. அதைத் தள்ளுபடி செய்துவிட்டதாகப் பள்ளித் தாளாளர் சொன்னபோது பிச்சை தன் மகளின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் நிமிரவில்லை. வெள்ளைத் துணியில் கிழித்த நாடா ஈரமாக இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு, இழுத்தான். மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் வருடக்கணக்காக மூட்டை பிடித்து, வாயைக் கட்டி, லாரியில் ஏற்றுகிற கை அது. இழுத்த பிறகுதான் பார்த்தான், மூட்டைக்குப் போடுகிற முடிச்சையே போட்டிருந்தான். இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. மில்லில் அதை யாரும் அவிழ்ப்பதில்லை, அறுப்பார்கள்.

பக்கத்தில் குந்தியிருந்த வீராயி கவனித்துவிட்டாள். ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூரில் அந்தத் தெருவில் பெண்கள் யார் இறந்தாலும் குளிப்பாட்டி விடுகிறவள் அவள்தான். "இதென்னடா முடிச்சு? அங்க போயி அவுக்கணுமேடா. கட்டோட மண்ணுக்குள்ள வைக்கக் கூடாது" என்றாள். பிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தான். முடிச்சு அசையவில்லை. விட்டுவிட்டான்.

தலைமாட்டில் தாளாளர் பீமராவ் ரோஜா மாலையோடு நின்றார். ஸ்ரீரங்கத்தில் இளவேனில் படித்த பள்ளி அவருடையது. தான் சொன்னது காதில் விழவில்லையோ என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை சொன்னார்.

"மேனேஜ்மென்ட்ல பேசிட்டோம் பிச்சை. அந்த ஒன்பதாயிரத்து நானூறையும் விட்டாச்சு. நீ அதப் பத்தி நினைக்கவே வேண்டாம்."

அதுவரை பிச்சை அதைப் பற்றி நினைக்கவில்லை.

மாலையைப் போட்டவர் உடனே நகரவில்லை. கூட வந்த பள்ளிக் கிளார்க் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும்வரை குனிந்த மேனிக்கு நின்றார். எடுத்து முடித்ததும் நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பந்தலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் தெருமுனை விளக்குக் கம்பத்தில் ஒரு பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றில் அது அடித்துக்கொண்டது. விடியுமுன் இறந்தவளுக்கு மத்தியானத்துக்குள் பேனர் வந்துவிட்டது.

பிச்சை எழுந்து போய் அதைப் படித்தான். முப்பது வயதுக்கு மேல், மூட்டையில் அச்சடித்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வாசிக்கப் பழகியவன். அவனுக்கு எதையும் வேகமாகப் படிக்க வராது. ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைத்துத்தான் அடுத்ததைத் தூக்குவான். ஒரு மூலையில் இளவேனில், அடையாள அட்டைப் படத்தில், இரட்டைப் பின்னலோடு. இன்னொரு மூலையில் அதைவிடப் பெரிதாகத் தாளாளர், கைகூப்பியபடி. நடுவில், மாணவி இளவேனில் நினைவுக் கல்வி உதவித்தொகை, ஆண்டுதோறும் ரூபாய் பத்தாயிரம்.

படித்து முடித்தும் அவன் அங்கேயே நின்றான்.

பத்தாயிரம். அவள் கட்டவேண்டியிருந்ததைவிட அறுநூறு அதிகம்.

இந்தப் பள்ளியில் அவள் சேர்ந்ததே குலுக்கலில்தான். ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடத்துக்குப் பெயர் எழுதிப் போட்டு, டப்பாவில் இருந்து சீட்டு எடுத்தார்கள். எட்டாவது வரை அரசாங்கம் கட்டியது. ஒன்பதாவதுக்கு வந்ததும் இனி நீங்கள்தான் கட்டவேண்டும் என்றார்கள். அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று பிச்சை சொன்னான். ஒரு வாரம் அவள் அவனோடு பேசவில்லை. போராடியெல்லாம் கேட்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், கேட்டால் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான். ஒன்பதாவதை எப்படியோ கட்டி முடித்தார்கள். பத்தாவதில் இரண்டாம் தவணை நின்றுபோனது.

அந்தப் பணம் இப்போது வீட்டுக்குள் அரிசி டிரம்மில் இருந்தது. முழுசாக. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மில்லில் அட்வான்ஸ் வாங்கி வந்து பிச்சை அதை நிரப்பியிருந்தான். திங்கட்கிழமை கட்டுவதாகப் பேச்சு. சனிக்கிழமை காலையில் அவள் பாயை விட்டு எழவில்லை. மூக்கில் ரத்தம் வந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டெங்கு, ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள், காய்ச்சல் எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். பிச்சையும் அவன் மனைவி ராசாத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சல் என்று அவள் சொல்லவே இல்லை. புதன்கிழமை தலைவலி என்றாள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தான். அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை. டிரம்மில் இருந்தது அப்படியே இருந்தது.

திங்கட்கிழமைதான் இன்றைக்கு.

பந்தலுக்குத் திரும்பியபோது தாளாளர் அங்கிருந்தவர்களிடம் உதவித்தொகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய மாணவர்கள் சிலர் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். ஆண்டு விழாவில் பிச்சையும் ராசாத்தியும் மேடையில் உட்கார வேண்டுமாம். அவர்கள் கையாலேயே முதல் காசோலையைக் கொடுக்க வேண்டுமாம். ராசாத்தியின் தம்பி பூவரசன் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றான். மில்லில் இருந்து லாரியில் வந்திருந்த சுமைக்காரர்கள் துண்டைத் தோளில் போட்டபடி ஓரமாக நின்றார்கள்.

பிச்சை போய் நாற்காலிக்கு முன்னால் நின்றான்.

"யாருக்கு சார் குடுப்பீங்க?"

"பத்தாவது படிக்கிற பொம்பளப் புள்ளைக்குப்பா. வருஷத்துக்கு ஒருத்தி. நல்லாப் படிக்கணும். வசதி இல்லாத குடும்பமா இருக்கணும். ஆனா ஃபீஸ ஒழுங்காக் கட்டுறவங்களா இருக்கணும்."

"பாக்கி இருந்தா?"

"பாக்கி இருந்தா எப்பிடிப்பா? அப்புறம் அவனவன் கட்டாம உக்காந்துக்குவான். எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணுமில்ல."

"அப்ப எம்பொண்ணு இருந்திருந்தா அவளுக்கே இது கெடைக்காது."

தாளாளர் கைக்குட்டையை மடித்தார். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். துக்கத்தில் இருக்கிறாய், இதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். பூவரசன் வேகமாக முன்னால் வந்து, மாமாவுக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை சார் என்று சொல்லிப் பிச்சையின் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

தண்ணீர்க் குழாயடியில் இர்பானா டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். இளவேனிலின் வகுப்பு டீச்சர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பூவரசன் விலகிப் போனதும், "இளவேனில் அப்பா, ஒரு நிமிஷம்" என்றாள்.

அவள் சொன்னது கொஞ்சம்தான். பாக்கி உள்ள பிள்ளைகளை வகுப்புக்குள் உட்காரவிடுவதில்லை. இரண்டு வாரமாக அப்படித்தான். வராந்தாவில் உட்கார்ந்துதான் படிக்கவேண்டும், பரீட்சையும் அங்கேயே தரையில். புதன்கிழமை கணக்குப் பரீட்சை. மழைச் சாரல் அடித்தது. இளவேனில் தாளை மடியில் வைத்து மூடிக்கொண்டு எழுதினாள். தாளை வாங்கும்போது கை பட்டது. கொதித்தது.

"வீட்டுக்கு போன் பண்றேன்னு சொன்னேன். 'வேணாம் மிஸ், சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க, அந்தக் காசு செலவாயிரும். திங்கக்கிழம கட்டிட்டா நான் உள்ள உக்காந்துருவேன்'னு சொன்னா." டீச்சர் நிறுத்தினாள். "நான் போன் பண்ணியிருக்கணும்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிச்சை அதை இறுக்கி மூடினான். சொட்டுவது நிற்கவில்லை.

"நான் சொன்னேன்னு தெரிய வேணாம்ங்க" என்றாள் டீச்சர். "எனக்கும் இந்த வேல வேணும்."

அவள்மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் அவன் நினைத்தான். ஆனால் மில்லில் போன வருடம் ஒருவன் கை நசுங்கியபோது முதலாளிக்கு முன்னால் அவனும் வாயைத் திறக்காமல்தான் நின்றான். அந்தக் கோபம் அவளிடம் நிற்காமல் அவளைத் தாண்டிப் போய்விட்டது.

வீட்டுக்குள் போனான். சமையல் மூலையில் அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தான். பின்னாலேயே ராசாத்தி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததில் இருந்து அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஈ உட்காரும் இடத்தைப் பார்த்துக் கையை வீசிக்கொண்டிருந்தாள். இப்போது அவனை நகரச் சொல்லிவிட்டு, முழங்கைவரை அரிசிக்குள் விட்டு, பாலிதீன் பையை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி டிரம்முக்குள்ளேயே விட்டாள். வழக்கமாகச் செய்வதுதான்.

வாசலில் பூவரசன் நின்றான்.

"மாமா, கோவத்துல எதயும் பண்ணாத. குழி வெட்டுறவனுக்குக் குடுக்கணும், மேளத்துக்குக் குடுக்கணும், ஐஸ் பெட்டிக்காரன் வாசல்லயே நிக்கிறான். பாக்கிய அவங்களே விட்டுட்டாங்க. இந்தக் காச வச்சு எல்லாத்தயும் முடிச்சிரலாம்."

பூவரசன் சொன்னதில் தப்பு இல்லை.

"இன்னொண்ணு சொல்றேன் கேளு. வருஷா வருஷம் மைக்குல அவ பேரச் சொல்லுவாங்க. நம்ம வம்சத்துல எவன் பேர மைக்குல சொல்லியிருக்காங்க? நீயும் நானும் செத்த பெறகும் சொல்லுவாங்க மாமா. அத ஏன் கெடுக்குற?"

அது பிச்சையை அசைத்தது. பள்ளி மைதானம் அவன் கண்ணுக்குள் வந்தது. மேடை, சீரியல் பல்பு, மைக். இளவேனில், இளவேனில் என்று ஒலிபெருக்கி சொல்கிறது. அவள் பெயர் அத்தனை சத்தமாக எங்கேயும் கேட்டதில்லை. அதே நேரத்தில் வராந்தாவும் தெரிந்தது. அங்கே நாலைந்து பெண் பிள்ளைகள் மடியில் தாளை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃபீஸை ஒழுங்காகக் கட்டவேண்டும் என்று அவர்களுக்குப் புத்தி சொல்வதற்கு அவன் மகளுடைய பெயரா?

"தள்ளு மாப்ள" என்றான்.

ராசாத்தி பையை அவன் கையில் கொடுத்தாள். அன்றைக்கு முழுவதும் பேசாதவள் அப்போது பேசினாள்.

"ரசீது கேளுங்க."

அந்தத் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. பாடையைத் தூக்குவதற்கு முன்னால், செத்தவருக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டா என்று ஒருத்தர் கூட்டத்தில் கேட்பார். இருந்தால் சொல்லவேண்டும். குடும்பத்தில் ஒருவர் அங்கேயே கொடுக்கவேண்டும், இல்லை தவணை சொல்லி ஏற்றுக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகுதான் தோள் கொடுப்பார்கள். பெரியவர்களுக்குத்தான் அது. பிள்ளைகளுக்குக் கேட்பதில்லை.

பிச்சை வீராயியிடம் போய்க் கேட்கச் சொன்னான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து நின்றாள். மேளக்காரர்களை நிறுத்தச் சொன்னாள்.

"இளவேனிலுகிட்ட கொடுக்கல் வாங்கல் உள்ளவங்க சொல்லிருங்க. தூக்கப் போறோம்."

பச்சைப் பிள்ளைக்கு என்ன கொடுக்கல் வாங்கல் என்று யாரோ முணுமுணுத்தார்கள். முதலில் வாயைத் திறந்தது தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பானுமதி. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "ஒரு பேனா வாங்குனா. ஏழு ரூபா. எனக்கு வேணாம், கேட்டதுக்குச் சொன்னேன்" என்றாள்.

பிச்சை சட்டைப் பையில் சில்லறை தேடி எண்ணி அவளிடம் நீட்டினான். பானுமதி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளாவிட்டால் அந்தக் கடன் செத்தவள் தலையில்தான் போய் உட்காரும் என்று அவளுக்குத் தெரியும்.

"வேற?" என்றாள் வீராயி. அவள் பார்வை நாற்காலிப் பக்கம் போனது.

பிச்சை தாளாளர் முன்னால் போய்ப் பையை நீட்டினான். ஒன்பதாயிரத்து நானூறு இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள் என்றான்.

தாளாளருக்கு முகம் மாறிவிட்டது. அதான் விட்டாச்சு என்று சொன்னேனே என்றார். குரலைத் தாழ்த்தி, இது என்ன நேரம், என்ன இடம், நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்துவது போல இருக்கிறது என்றார். வேண்டுமானால் அந்தப் பணத்தையே உதவித்தொகையில் சேர்த்துவிடலாம், பெற்றோர் பங்கு என்று பேனரில் போட்டுவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"எம்பொண்ணு உங்க தள்ளுபடியில போக வேணாம் சார். ஒரு சுமைக்காரன் பொண்ணு கட்டிட்டுத்தான் போனான்னு இருக்கட்டும். வாங்கிக்கிட்டு ரசீது குடுங்க."

"ரசீது புக்க நான் சாவு வீட்டுக்கா எடுத்துட்டு வருவேன்? நாளைக்குக் குடுத்து விடுறேன்."

"நாளைக்கு அவ இங்க இருக்க மாட்டா. ரசீது வரட்டும். வந்ததும் தூக்கலாம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பூவரசன் தலையில் அடித்துக்கொண்டான். மழை கட்டியிருக்கிறது, குழிக்குள் தண்ணீர் இறங்கிவிடும் என்று ஒருவர் சொன்னார். சுமைக்காரர்களில் மூத்தவர் ஒன்றும் பேசாமல் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தூக்குகிறவர்கள் உட்கார்ந்துவிட்டால் பிறகு யார் என்ன சொல்லி என்ன.

தாளாளர் எழுந்து நின்று, "இவ்வளவு நல்லது செய்ய வந்தவங்களுக்கு இதுதான் மரியாதையா? உம்பொண்ணு பேருல நாலு புள்ள படிக்கும்ப்பா" என்றார்.

"படிக்கட்டும் சார். உங்க பேருல குடுங்க. எம்பொண்ணு பேரு வேணாம்." பிச்சையின் குரல் உயரவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பேசுகிறவன் போல ஒவ்வொரு சொல்லாக வந்தது. "புதன்கிழம காய்ச்சலோட வராந்தாவுல உக்காந்து பரீட்சை எழுதுனா. மழையில. அந்த மாதிரி வெளியில உக்கார வச்சிருக்குற புள்ளைங்கள உள்ள உக்கார வைங்க. அதுக்குப் பத்தாயிரம் வேணாம். பேனரு வேணாம்."

யார் சொன்னது அப்படி என்று தாளாளர் கேட்டார். சீருடையில் நின்ற பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அத்தனை பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். இர்பானா டீச்சரும் தரையைத்தான் பார்த்தாள். பிறகு அவள் மட்டும் நிமிர்ந்தாள். ஏதாவது சொல்லப்போகிறாள் போல இருந்தது. சொல்லவில்லை. ஆனால் தலையை மறுபடி குனியவும் இல்லை. ஒரு பிள்ளையின் அம்மா, நடுக்கூட்டத்தில் இருந்து, "எம்மக இன்னிக்கும் வெளியிலதான் உக்காந்திருந்தா" என்றாள். அதற்கப்புறம் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

தாளாளர் கிளார்க்கைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான்.

தூறல் ஆரம்பித்தது. பந்தல் சிறியது. பெண்கள் பாடையைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். தாளாளரின் நாற்காலி பந்தலின் விளிம்பில் கிடந்தது. அவர் அதை உள்ளே இழுக்கப் பார்த்தார். இடம் இல்லை. தோளில் சாரல் பட்டது.

"உக்காருங்க சார்" என்றாள் வீராயி. "கொஞ்ச நேரம் வெளியில உக்காந்து பாருங்க. பழகிரும்."

யாரும் சிரிக்கவில்லை. மேளக்காரன் ஒருவன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தாளாளர் போயிருக்கலாம். கார் தெருமுனையில்தான் நின்றது. ஆனால் அதற்கு அந்தப் பேனருக்குக் கீழேதான் நடந்து போகவேண்டும். அங்கே அவருடைய கைகூப்பிய படம் நனைந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தார்.

ராசாத்தி ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். மழைக்கு ஈ போய்விட்டது. கை மட்டும் நிற்கவில்லை.

கிளார்க் வந்தபோது ரசீதுப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து மூடிக் கொண்டுவந்திருந்தான். பணத்தை இரண்டு தடவை எண்ணினான். பேனாவைத் திறந்து, வகுப்பு கேட்டு எழுதினான். பெயர் போடும் இடத்தில் கை நின்றது. தாளாளர் பக்கம் சாய்ந்து, "சார், பேருக்கு முன்னால லேட்டுன்னு போடணுமா?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். எல்லோருக்கும் கேட்டது.

"அவ இன்னும் இங்கதான் இருக்கா" என்றான் பிச்சை. "பேர மட்டும் எழுதுங்க."

எழுதினான். தாளாளர் கையெழுத்துப் போட்டார். நாற்காலியை விட்டு எழாமல், மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மழை படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு போட்டார். பிச்சை தாளை வாங்கி அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். அவ்வளவு பேரும் அவன் படித்து முடிக்கக் காத்திருந்தார்கள். பி. இளவேனில், பத்தாம் வகுப்பு. ரூபாய் ஒன்பதாயிரத்து நானூறு மட்டும். பாக்கி என்ற இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் கட்டை விரலை வைத்துப் பார்த்தான். மை ஈரமாக இருந்தது.

ரசீதை ராசாத்தியிடம் கொடுத்தான். அவள் அதைப் பாலிதீன் பையில் போட்டு, உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். டிரம்மின் மூடி திறந்து மூடுகிற சத்தம் வெளியே கேட்டது.

தாளாளரின் ஆட்கள் பேனரை அவிழ்க்கப் போனார்கள். ராசாத்தி திரும்பி வந்து அதைப் பார்த்தாள். இளவேனிலுக்கு வீட்டில் அந்த அளவுக்குப் படம் எதுவும் இல்லை. குடும்ப அட்டைக்கு எடுத்தது ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி.

"எம்புள்ள படத்த மட்டும் அறுத்துக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

வீராயி வீட்டில் இருந்து அரிவாள்மணை வந்தது. ஆட்கள் தயங்கினார்கள். தாளாளர் காருக்குள் ஏறிக்கொண்டு எதையோ சொன்னார், சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். மூலையில் இருந்த படத்தைச் சதுரமாக அறுத்து ராசாத்தி கையில் கொடுத்தார்கள். மீதியைச் சுருட்டி டிக்கியில் வைத்தார்கள்.

சுமைக்காரர்கள் எழுந்து துண்டைச் சுருட்டித் தோளில் வைத்தார்கள். பாடையைத் தூக்கும்போது முன்னால் நின்ற மூத்தவருக்கு வாய் தவறிப்போனது. மில்லில் மூட்டை தூக்கும்போது கொடுக்கிற குரல் பாதி வந்து நின்றது. கனமே இல்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

கன்னிப் பெண் என்பதால் புதைப்பதுதான் வழக்கம். கொள்ளிடக் கரையில் வாழைத் தோட்டங்களைத் தாண்டிப் போகவேண்டும். குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊறியிருந்தது. வெட்டியவன் வாளியால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். பூவரசன் அவனிடம் போய் ஏதோ பேசினான். கடனாகத்தான் இருக்கும். பிச்சை கேட்கவில்லை.

வாய்க்கரிசி போட்டார்கள். மில்லில் இருந்து வந்தவர்கள் அங்கிருந்தே ஒரு பையில் பச்சரிசி கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் மூன்று தடவை போட்டார்கள். ஈரத்தில் கன்னத்தில் ஒட்டிய அரிசியைப் பிச்சை ஒவ்வொன்றாக எடுத்தான்.

"கட்ட அவுத்துருங்க" என்றான் குழி வெட்டியவன்.

கைக்கட்டு எளிதாக அவிழ்ந்தது. தாடையில் கட்டியிருந்ததும் அவிழ்ந்தது. கால் மட்டும் பாக்கி. பிச்சை குந்தி உட்கார்ந்து நகத்தால் நெம்பினான். மழையில் ஊறி அது இன்னும் இறுகியிருந்தது. பெருவிரல்கள் நெருக்கிப்பிடித்து வெளுத்துப்போயிருந்தன. கத்தி இருக்கிறதா என்று பூவரசன் கேட்டான். குழி வெட்டியவன் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினான். வேண்டாம் என்று பிச்சை கையைக் காட்டினான்.

மில்லில் கத்தி கையில் இல்லாதபோது அவர்கள் செய்வதுதான். குனிந்து, மண்டியிட்டு, மகளின் பாதத்தில் முகத்தை வைத்து, முடிச்சைப் பல்லால் கடித்தான். துணியில் மஞ்சளும் சேறும் கலந்த ருசி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தான். ஒரு இழை அறுந்தது. இன்னொன்று. சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

நாடா விட்டுவிட்டது. கால்கள் இரண்டும் மெல்ல விலகிக்கொண்டன. தூக்கத்தில் அவள் எப்போதும் அப்படித்தான் வைத்துக்கொள்வாள்.

பிச்சை வாயில் இருந்த நூலைத் துப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.